நாலாவதாக யாராவது

படத்தில் நின்றது மூன்று பேர். புரோகிராம் காட்டிய கணக்கு நாலு முகம்.

இளமாறனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவன் அவன். சுவரில் இருக்கும் ஸ்விட்சையும் இட்லித் தட்டையும் மனித முகம் என்று அடித்துச் சொல்லும் புரோகிராம்கள் அவனுக்குப் பழக்கம். இது அவனே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதியது. அறுபத்தோராயிரம் போட்டோக்கள் சேர்ந்துபோய், இனி இடமில்லை என்று போன் தினமும் நச்சரிக்க, மங்கலானவற்றைத் தானாகவே கண்டுபிடித்துக் குப்பைக்கு அனுப்பும்படி செய்திருந்தான். ஒவ்வொரு முகத்துக்கும் தெளிவுக்கு ஒரு மார்க். ஒரு முகம் இருநூறுக்குக் கீழே போனாலும் அந்தப் படம் குப்பைக்கு. என்னைக் கேட்க வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்று விட்டிருந்தான்.

புதன்கிழமை மதியம் ஒரு மணி. டெக்சாஸின் பிளானோவில் டிசம்பர் வெயில் பளிச்சென்று ஜன்னலில் அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ இலை ஊதும் மெஷினை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஹீட்டரிலிருந்து வருடத்தின் முதல் குளிருக்கே உரிய கருகிய தூசி வாசனை வந்தது. இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே தயிர்சாதத் தட்டோடு உட்கார்ந்து குப்பையைத் திறந்து பார்த்தான். கை நடுங்கிய படங்கள், பாக்கெட்டுக்குள் தவறி எடுத்த படங்கள், எல்லாம் சரிதான். ஆனால் அவற்றோடு முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பப் படங்களும் கிடந்தன. அவன், மனைவி தாமரைச்செல்வி, ஏழு வயது மகள் மானஸா. மூவரும் சேர்ந்து நின்ற படங்கள், ஒன்று விடாமல்.

ஒன்றைப் பெரிதாக்கினான். மானஸாவின் முதல் பிறந்தநாள். அவளுக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளி ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் ஆகாது என்பது தாமரையின் பிடிவாதம். ஊரில், கோபியில், அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான். மூன்று பேர் நின்றால் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது இழுத்து வந்து நிறுத்துவார்கள். டெக்சாஸில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எங்கே போவது? போனில் டைமர் வைத்துவிட்டு ஓடி வரும்போதெல்லாம் அவள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "நாலாவதா ஆராச்சும் வந்து நில்லுங்க." அவனும் கூடச் சேர்ந்து வம்பு செய்வான். "எடம் காலியாத்தான் இருக்குது, கூச்சப்படாம வாங்க" என்று ஒருமுறை தலை குனிந்து கையைக்கூட நீட்டிக் கூப்பிட்டிருக்கிறான்.

அந்த இடைவெளியில்தான் நாலாவது முகத்துக்குக் கட்டம் போட்டிருந்தது புரோகிராம். மார்க் ஆறு. உற்றுப் பார்த்தால், கண்ணாடியில் விரல் பட்ட கறை மாதிரி, குழந்தை உயரத்தில் ஒரு மங்கல். அவ்வளவுதான்.

இரண்டாம் பிறந்தநாள். மங்கலுக்கு மார்க் முப்பத்தொன்று. அதுவும் வளர்ந்திருந்தது, மானஸா வளர்ந்த அதே அளவு.

ஆஸ்டின் ஏரி, மூன்று வயது. தொண்ணூறு. தோள் தெரிந்தது. ஒரு கை தெரிந்தது. அந்தக் கை மானஸாவின் கையைப் பிடித்திருந்தது.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். இலை மெஷின் எப்போது நின்றது என்று தெரியவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜின் முனகல் மட்டும் கேட்டது. எல்லா மார்க்குகளையும் வருட வரிசையில் எடுத்துப் போட்டான். பயந்தால் கணக்குப் போடுகிற சுபாவம் அவனுக்கு. நாலாவது முகம்: ஆறு, முப்பத்தொன்று, தொண்ணூறு, நூற்றெண்பது, முந்நூறு, நானூற்று இருபது, ஐந்நூற்று அறுபது. பக்கத்திலேயே மானஸா: அறுநூற்று நாற்பது, ஐந்நூறு, முந்நூற்றுப் பத்து, இருநூற்று நாற்பது, நூற்றுத் தொண்ணூறு, நூற்று அறுபது. போன மாதம் தீபாவளிக்கு எடுத்ததில் நூற்று நாற்பது. அவனுக்கும் தாமரைக்கும் மார்க் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இது ஏற ஏற, குழந்தைக்கு இறங்கியிருக்கிறது.

தப்பு தன் புரோகிராமில்தான் இருக்க வேண்டும் என்று அவன் மனதார வேண்டிக்கொண்டான். தீபாவளிப் படத்தை மட்டும் மறுபடி ஓட்டினான். மானஸா, நூற்று இருபத்திரண்டு. கொஞ்ச நேரம் முன்னால் நூற்று நாற்பது. அதே படம். இன்னொரு முறை ஓட்டினான். நூற்றுப் பதினான்கு. அதற்குமேல் ஓட்டக் கை வரவில்லை. புரோகிராமை நிறுத்தினான், குப்பையிலிருந்து படங்களையெல்லாம் மீட்டான். அதன் பிறகு தொடாத அந்தத் தீபாவளிப் படத்தில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டுப்பாவாடையின் ஜரிகை கரைந்து ஒற்றை மஞ்சளாகிப் போனது.

மணி மூன்று இருபது. தாமரை ஸ்கூலிலிருந்து மானஸாவை ஏற்றிக்கொண்டு வரும் நேரம். போன் போட்டான்.

"மாமா, டால்வேல கார் ஓட்டிட்டு இருக்கறன். சொல்லுங்க."

"மானஸா எப்படி இருக்கறா?"

"ஏனுங் மாமா? நல்லாத்தான் இருக்குதுங்க ரெண்டும். பின்னாடி உக்காந்து பேசிட்டு வருது."

"ரெண்டுமா?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "தாமர, ரெண்டும்னா ஆரு?"

"தூங்கிட்டீங்களாக்கும்? வந்து காபி போடறன், இருங்க." பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. மானஸாவின் சிரிப்பு மாதிரியே. வைத்துவிட்டாள்.

கராஜ் கதவு ஏறும் சத்தம். காரின் கதவுகள். ஒன்று. இரண்டு. மூன்று.

தாமரை முதலில் வந்தாள், கையில் பை, பைக்கு மேல் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் டப்பா. அவள் பின்னால் நீல ஸ்வெட்டரில் மானஸா. இளமாறன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டான். மறுபடி துடைத்தான். ஸ்வெட்டரின் நூல் தெரிந்தது, காலணியின் முடிச்சு தெரிந்தது. முகம் மட்டும் மழைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போல இருந்தது.

"அப்பா, ஒய் ஆர் யூ ஸ்டேரிங்?" குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது போல இருந்தது.

"பல்லு உழுந்துருச்சுங் மாமா, முன்பல்லு," தாமரை டப்பாவை ஆட்டிக் காட்டினாள். "அம்மாக்கு ஒரு போட்டோ அனுப்போணும். வாங்க, ஒண்ணா நிக்கலாம்."

"வேண்டாம். இன்னைக்கு வேண்டாம் தாமர. சொன்னாக் கேளு."

"ஒரே நிமிசம்." அவள் ஏற்கெனவே போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்திருந்தாள். டைமர் தொடங்கியது. பத்து.

ஓடிப்போய் போனைத் தட்டிவிடலாம். ஆனால் குழந்தையை விட்டு நகர அவனால் முடியவில்லை. மண்டியிட்டு அவளை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டான். சூடு இருந்தது. தலையில் ஸ்கூல் சாக்பீஸ் வாசனை இருந்தது.

"நாலாவதா ஆராச்சும் வந்து நில்லுங்க," என்றாள் தாமரை, வழக்கம்போல் சிரித்துக்கொண்டே.

"கூப்பிடாதே," என்றான் அவன்.

மூன்று. இரண்டு.

"அப்பா, டூ டைட்," என்றது குரல், இன்னும் தூரத்திலிருந்து.

க்ளிக்.

சூடு போய்விட்டது. அவன் கைகள் அப்படியே வளைந்திருந்தன.

தாமரை போனை எடுத்துப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். படத்தில் அவன் மண்டியிட்டு வெறும் காற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில், அந்த இடைவெளியில், நீல ஸ்வெட்டரில் ஒரு சிறுமி, முன்பல் இல்லாமல் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள். இமை முடிகளைக்கூட எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு. அவன் தலையைத் திருப்பவில்லை. இடது தோளில் ஒரு சின்னக் கை வந்து அமர்ந்தது. சில்லென்று இருந்தது.

"மானஸா எங்கே?" என்றான்.

"ஆருங் மாமா?" தாமரை போனை மறுபடி அலமாரியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். "அட, மூணு பேராவல்ல நின்னுட்டோம். ஆகாதுங். இன்னொருக்கா எடுத்துரலாம்."

டைமரை அழுத்திவிட்டு வந்து நின்றாள். பிறகு, அவனிடமிருந்து ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் தள்ளி நின்றாள்.