சத்தமில்லாத படத்துக்கு எழுதிய வரி

அந்தப் படத்தில் மட்டும் சத்தமே இல்லை. ஜுமானா ஹெட்போனைக் கழற்றித் தட்டிப் பார்த்தாள், மற்றப் படங்களைப் போட்டுப் பார்த்தாள், எல்லாம் நன்றாகக் கேட்டன. இதில் ஒரு பெண் சாப்பாட்டு மேசையில் இரண்டு பீங்கான்களில் சோறு போட்டு வைத்து, எதிரே இருந்த வெறும் கதிரையைப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டாஞ்சேனைக் கலை வட்டத்தின் குறும்படப் போட்டியில் தமிழ்ப் படத்துக்குக் கீழே சிங்களமும் சிங்களப் படத்துக்குக் கீழே தமிழும் ஓட வேண்டும். அந்த வரிகளை எழுதுவது ஜுமானா. சம்பளமில்லாத வேலை, ஏச்சுக்கு மட்டும் குறைவில்லை.

"அனுப்பின ஆள் போன் எடுக்குதில்ல," என்றார் வட்டத்தின் தலைவர் ஒஸ்வால்ட். "நாளைக்குப் போட்டி. வாயைப் பார்த்து நீயே ஏதாவது எழுதிப் போடு பிள்ளை."

"இல்லாததை எப்படி அங்கிள் எழுதுற?"

"ஆருக்குத் தெரியப் போகுது?"

அலுப்பில் எழுதினாள். வீட்டில் தினமும் தொண்டை கிழியக் கத்துவதையே தட்டிவிட்டாள்: 'நஸ்லா, வாங்க மகள். சோறு ஆறுது.' மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், தன் பெயரைத் திரையில் கண்டால் துள்ளுவாள் என்று நினைத்தாள்.

மறுநாள் பின்னேரம் மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பற்றீஸ் பலகாரம் பொரித்த எண்ணெயும் வியர்வையும் கலந்த புழுக்கத்தில், திரைக்கு முன்னால் விரித்த பாயில் நஸ்லா மஞ்சள் கவுனோடு மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே இருந்தாள். ஜுமானா கடைசியில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில். நடுவில் இடைவெளியில்லாமல் கதிரைகள்.

அந்தப் படம் வந்தது. நேற்றுக் கதிரையைப் பார்த்த பெண், இன்று நேரே மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரி ஓடியது. முன்னாலிருந்து மகளின் குரல், "ந... ஸ்... லா..." என்று கூட்டிப் படித்தது. சனம் சிரித்தது.

அடுத்த வரி: 'கிட்ட வாங்க.'

அதை ஜுமானா எழுதவில்லை.

'இன்னும் கிட்ட.'

நஸ்லா எழுந்தாள்.

"நஸ்லா, இரிங்க. போகாதீங்க மகள்." ஜுமானா எழுந்து நின்று கூப்பிட்டாள். யாரோ திரும்பி "உஷ்" என்றார்கள். அவள் கதிரைகளுக்குள் புகுந்தாள், முழங்கால்கள் இடித்தன, ஒருவரும் காலை மடக்கவில்லை. திரும்பி வந்து புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினாள். மின்விசிறியின் இரைச்சல் நின்றது. அதன் கண்ணாடி இருண்டது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது.

"லைட்டைப் போடுங்க. அங்கிள், லைட்டைப் போடுங்க."

விளக்குகள் எரிந்தன. பாயில் பிள்ளைகள் இருந்தார்கள். நஸ்லா இல்லை.

திரையில் அந்த வெறும் கதிரை இப்போது வெறுமையாக இல்லை. கால் நிலத்தில் எட்டாமல், அதே மஞ்சள் கவுனோடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிள்ளை.

"அடேயப்பா, எப்படிப் பிள்ளை எடுத்தனீங்க?" என்று ஒஸ்வால்ட் கைதட்டினார். மண்டபமே தட்டியது.

நஸ்லா திரும்பினாள். உதடுகள் ஒட்டி, பிரிந்தன. மறுபடி ஒட்டி, பிரிந்தன. உம்மா. உம்மா.

"வாறன் மகள், உம்மா வாறன். அவட கையால தின்னாதீங்க." கைதட்டலில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

அந்தப் பெண் சோற்றைக் குழைத்து உருட்டினாள். கை நீண்டது.

நஸ்லா வாயைத் திறந்தாள்.