மூக்கருகே வைத்த உயிர்

தெருமுனைக்கு வந்ததும் நெப்ரேயின் கால் தானாக நின்றது. வழக்கமாக இந்த இடத்திலேயே அவன் மனைவி ஹுனெரோவின் இருமல் கேட்டுவிடும். ஒட்டி ஒட்டிக் கட்டிய மண்சுவர்களையும் மீறி, பழைய துருத்தி போல இழுத்து இழுத்து வரும் அந்தச் சத்தத்தைச் சபித்தபடிதான் அறுவடைக் காலம் முழுக்க அவன் வீடு திரும்பியிருக்கிறான். இன்று எங்கோ ஒரு கழுதை கத்தியது. யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கியது. இருமல் மட்டும் இல்லை.

பக்கத்து வீட்டு வெப்கெத் வாசலில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உம்ம பொண்டாட்டி எந்திரிச்சு உக்காந்துட்டா! வாசலோட எட்டிப் பாத்தேன். மத்தியானத்துலேர்ந்து ஒரு இருமல் கிடையாது. எந்தச் சாமிக்கு என்ன லஞ்சம் குடுத்தீரு?"

மத்தியானம். மலையில் தங்கள் இருவருக்குமாக அவன் குடைந்துவந்த கல்லறையில், அப்போதுதான் கடைசிக் குறியை வெட்டி முடித்தான். சுவரில் அவன் செதுக்கிய ஹுனெரோ, ஒரு கண்ணும் ஒரு கன்னமும் மட்டும் தெரிய, பக்கவாட்டில் நிற்கிறாள். எதிரே ஹாத்தோர் தேவி, மேலே வளையமும் நடுவே குறுக்குக் கையும் கீழே தண்டுமான உயிர்க்குறியை அவள் மூக்கருகே நீட்டுகிறாள். அந்த ஊர்ப் பேச்சில் உயிருக்கும் அந்தக் குறிக்கும் பெயர் ஒன்றே. மூக்கில் வைத்தால் மூச்சு.

மேஸ்திரி கஹா பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். "அடேய், உசுரோட கிடக்குறவளுக்கு கல்லுல ஏன்டா மூச்சு வைக்கிற? செத்தவங்களுக்கு வைக்கிறதுடா அது!"

"செத்தப்புறம் வச்சு எனக்கு என்ன பிரயோசனம், ஐயா?" என்றான் நெப்ரே. அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

உள்ளே இருட்டு கட்டியிருந்தது. தேனும் பூண்டும் வியர்வையும் கலந்த நோய்வாடை போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதில் புதிதாக வெட்டிய சுண்ணாம்புக்கல்லின் குளிர்ந்த வாசனை மூலைமுடுக்கெல்லாம் நிறைந்திருந்தது. தன் மேலிருந்துதான் வருகிறது என்று சொல்லிக்கொண்டு விளக்கை ஏற்றினான். பின்னறைக் கட்டிலில் ஹுனெரோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஒரு தோளைச் சுவரோடு ஒட்டவைத்து, நேர் எதிரே பார்த்தபடி. கன்னம் நிறைந்திருந்தது. மூச்சு சீராக, ஆழமாக வந்தது.

"வந்துட்டியாய்யா," என்றாள், திரும்பாமல். "பசிக்குது."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரொட்டியும் பீரும் கொண்டுவந்து வைத்தான். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அவன் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை.

"என்னைப் பாரேன், ஹுனெரோ."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

உண்மைதான். முகம் நேரே இருந்தது. ஆனால் அவன் பக்கத்துக் கண், கன்னத்தின் பக்கமாக, முழுசாகத் திறந்து அவனையே பார்த்தது.

மை தீட்டிய கண். இமைக்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தான். சுவரில் ஏதோ உரசியது. அவளும் நகர்ந்திருந்தாள். அதே கன்னம். தலைமாட்டுக்கு வந்தான். அதே கன்னம்.

"ஏன் திரும்ப மாட்டேங்குற?"

"நீ செஞ்சுவச்சதுதான?" அன்பாகத்தான் சொன்னாள்.

விளக்கை எடுத்தான். எண்ணெய் சிந்தியது. அவளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. அதில் விளக்கை நுழைத்தான். தலையை நுழைத்தான். அவள் மூச்சு அவன் நெற்றியில் பட்டது. குளிர்ந்திருந்தது.

பார்த்தான்.

அந்தப் பக்கம் கண் இல்லை. காது இல்லை. உச்சியிலிருந்து இடுப்பு வரை வெறும் பாறை, அவன் உளி படாத பாறை. அதன் விளிம்பில், கல்லுக்கும் தோலுக்கும் இடையே, நோயில் மெலிந்த ஐந்து விரல்கள் வெளியே நீண்டிருந்தன. இத்தனை மாதம் அவன் பிடித்துக்கொண்டு தூங்கிய கை.

கட்டிலில் இருந்தவள் நிதானமாக மூச்சு விட்டாள். விரல்கள் அவனைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தன.