பலாப்பால் பூசிய புகைக்குழாய்

கொல்லிமலையில் அந்த ஏரிக்கு இருந்தது ஒரே ஒரு மோட்டார் படகு. அதை ஓட்டியவர் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஸ்டீபன். அவருடைய மகள் மெர்சி ஐந்தாம் வகுப்பு படித்தாள்.

"உனக்கென்ன, தினமும் படகுல போவ" என்று வகுப்பில் எல்லோருக்கும் பொறாமை. உண்மையில் மெர்சி படகில் போனதைவிட அதைத் துடைத்ததுதான் அதிகம்.

திங்கட்கிழமை அவள் வகுப்பு முழுவதும் படகில் போகப்போகிறது, சத்யாவைத் தவிர. சத்யாவுக்குப் புகை ஆகாது, மூச்சு இழுக்கும். போன மாதம் படகில் ஏறி, நடு ஏரியில் இருமி இருமிக் கண் சிவந்துவிட்டாள்.

"அந்தப் பொகை நிக்கற வரைக்கும் எம்புள்ள ஏறாதுங்க" என்று அவள் அம்மா கண்ணாயி சொல்லிவிட்டார்.

"பரவால்ல, நான் கரையில நின்னு கை காட்டறேன்" என்றாள் சத்யா. மெர்சிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

என்ஜினும் புகைக்குழாயும் சேரும் மூட்டில்தான் கசிவு. சனிக்கிழமை அப்பா அந்த மூட்டைப் பிரித்து, நடுவில் கசிவை அடைக்கும் புதிய பேக்கிங் வைத்து, நான்கு போல்ட்டுகளையும் இறுக்கினார். மெர்சியும் கூட இருக்க, ஓட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம் என்ஜின் நல்ல பிள்ளையாக ஓடியது. ஆறாவது நிமிடம் பழைய புகை.

"குழாயே வளைஞ்சிருக்கும். புதுசு வர ஒரு மாசம் ஆகும்" என்றார் அப்பா.

மெர்சி முகர்ந்து பார்த்தாள். டீசலோடு வேறொரு வாசனையும் வந்தது. பலாக்கொட்டை சுடும்போது அதில் ஒட்டிய பால் கருகுமே, அந்த வாசனை.

படகில் அப்பாவுக்கு உதவியாக இருக்கும் சின்னக்கண்ணு, ஏரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியில் பார்க்க ஒன்றுமே இல்லை.

மெர்சி அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். "மாமா, பேக்கிங்ல ஏதாச்சும் பூசினீங்களா?"

"உங்கப்பாகிட்ட குடுக்கறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் கொஞ்சம் பலாப்பால் தடவினேன் கண்ணு. ஓட்டைக் கொடத்துக்கு வெச்சா வருசக்கணக்கா நிக்குமே."

"குடத்துல பச்சைத்தண்ணிதானே மாமா? இது கொதிக்குமே."

சின்னக்கண்ணு தலையைச் சொறிந்தார். "அது எனக்குத் தோணல பாரு. உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

"நானும் கூட வரேன்."

இருவரும் போய் நின்றார்கள். சின்னக்கண்ணுவே சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் போல இருவரும் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

என்ஜின் ஆறியதும் மூட்டைப் பிரித்தார்கள். பலாப்பால் இரும்பில் கட்டி கட்டியாகக் கருகிப்போயிருந்தது. அதனால்தான் பேக்கிங் சமமாக உட்காரவில்லை. அப்பா கத்தியால் சுரண்டினார். பாதி வந்தது, மீதி பிசுபிசுத்தது.

"மண்ணெண்ணெய்க்குத்தான் அது போகுங்க சார், குடுங்க" என்று சின்னக்கண்ணு வாங்கிக்கொண்டார். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை துடைத்து, வெயிலில் காயவிட்டார்.

வேறு பேக்கிங் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார் அப்பா. ஒருமுறை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடியும் இறுக்கினார்.

மெர்சி நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து நீளமான குச்சியில் செருகினாள். என்ஜின் ஓடும்போது எட்ட நின்று அதை மூட்டருகே நீட்டினாள். கால் மணி நேரம் ஆயிற்று. தாளில் ஒரு கரும்புள்ளிகூட விழவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளைக் கண்ணாயியிடம் காட்டினாள். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"காயிதத்துக்கு இழுப்பு வருமா கண்ணு? நானும் அவகூட ஏறிப் பாக்கறேன்."

கண்ணாயி என்ஜினுக்குப் பக்கத்திலேயே சத்யாவோடு உட்கார்ந்தார். படகு கிளம்பியது. ஆறாவது நிமிடம் வந்தது. மெர்சி திரும்பிப் பார்த்தாள். சத்யா மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு இருமல்கூட இல்லை.

படகு கரைக்கு வந்தது. வகுப்பு முழுவதும் இறங்கியது. சத்யாவும் துள்ளிக் குதித்து இறங்கினாள்.

கண்ணாயி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க டிரைவரு, இன்னொரு சுத்து போலாங்களா?"