செழியன் இல்லாத லோமாரு

லோமாருத் தீவின் படகுத்துறையில் செழியன் நாலாவது முறையாக இறங்கினார். வரவேற்க வந்த வழிகாட்டியின் உச்சரிப்பை நாலாவது முறையாகத் திருத்தினார். அந்த வழிகாட்டி தீவிலேயே பிறந்தவன். திருத்தப்பட்டது அவனுடைய தாய்மொழி.

அசல் செழியன் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில், குளிரூட்டிய அறை ஒன்றில் காபி குடித்தபடி இதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்," என்றார்.

பக்கத்தில் மனைவி நிவேதாவும் கல்லூரியில் படிக்கும் மகள் மிருதுளாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

விமானங்கள் காற்றைக் கெடுத்தது போதும் என்று உலக நாடுகள் கூடி முடிவெடுத்த பிறகு, ஒரு குடும்பத்துக்குப் பத்தாண்டுக்கு ஒரு நெடும்பயணம்தான். அதற்கு வான்பங்கு என்று பெயர். பங்கை வீணாக்கினால் அடுத்த பத்தாண்டும் ஊட்டிதான். அந்தப் பயத்தை நம்பித்தான் ஊருக்கு ஊர் முன்பயண நிலையங்கள் முளைத்தன. தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டி, கேள்விமேல் கேள்வி கேட்டு, ஆளின் மனப்படியை எடுப்பார்கள். அதிலிருந்து ஒரு நிழலர் பிறப்பார். கணிப்பொறிக்குள் கட்டிவைத்திருக்கும் தீவுக்கு அந்த நிழலரை அனுப்பினால், அசல் ஆள் அங்கே எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே நடந்துகொள்வார். இப்படி ஓட்டிப் பார்க்கும் ஒரு ஓட்டத்தில் மழை பெய்யும், இன்னொன்றில் வெயில் கொளுத்தும், வேறொன்றில் மீன் முள் தொண்டையில் சிக்கும். ஆயிரக்கணக்கான ஓட்டங்களில் எதில் குடும்பத்தின் மனநிறைவு அதிகமோ, அந்தத் திட்டப்படி அசல் ஆட்கள் கிளம்புவார்கள். யாருக்கும் ஏமாற்றம் கிடையாது. ஏமாற்றங்களையெல்லாம் நிழலர்கள் பட்டு முடித்திருப்பார்கள்.

செழியனுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கண்டால் ஆகாது. கடற்கரையில் படுத்து, கறுத்துத் திரும்பி, "சூப்பரா இருந்துச்சு மாப்ள," என்று மட்டும் சொல்லத் தெரிந்த மைத்துனரை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவருடையது பம்புசெட் தொழிற்சாலை. ஆனால் தன்னை அவர் பண்பாட்டு ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஓராண்டாக லோமாருவைப் பற்றிப் படித்தார். அங்கே ஒருவர் இறந்தால் வீட்டுப் பெண்கள் தாழை மடலை உரித்து, அவருக்கென்று ஒரு பாய் முடைவார்கள். பாயின் கோலத்தைப் பார்த்தே செத்தவர் யாரென்று சொல்லிவிடலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டதோடு நிற்காமல், லோமாரு மொழியையும் கற்றுக்கொண்டார். எல்லாரும் மாட்டிக்கொள்ளும் காதுத்துபாஷியை அவர் தொடுவதில்லை. காதில் பொறி வைத்துக்கொண்டு அடுத்தவன் மொழியைக் கேட்பது கையுறை மாட்டிக்கொண்டு சோறு தின்கிற மாதிரி என்பார்.

நிலையத்தின் திட்ட அலுவலர் ஜெசிந்தா, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சார், நிறைவு அதிகமா வந்த ஓட்டம் வேற ஒண்ணு இருக்கு. பார்க்கலாமா?"

"போடுங்க."

திரையில் தலைநகரத் துறைமுகம் தெரிந்தது. நிழல் செழியனின் பெட்டி தொலைந்துவிட்டது. அவர் அலுவலகத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் படகு கிளம்பிவிட்டது. அடுத்த படகு ஒரு வாரம் கழித்து. தீவில் நிழல் நிவேதாவும் நிழல் மிருதுளாவும் மட்டும் இறங்கினார்கள்.

அங்கே நிவேதா கண்ணில் பட்டதையெல்லாம் "இது என்ன, இது என்ன" என்று கேட்டாள். பதில் பாதி புரிந்தும் புரியாமலும் தலையாட்டினாள். மிருதுளா பறை மாதிரி எதையோ தப்பும் தவறுமாக அடித்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் நிவேதா பாய் முடையும் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து மடல் உரித்தாள். காதுத்துபாஷி வழியாக யாரோ அவளுடைய செத்தவர்களைப் பற்றிக் கேட்டார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள்.

"எங்கப்பாவைத் தூக்கறதுக்கு முன்னாடி ஓதுவார் பதிகம் பாடினாருங்க. நடுவுல ஒரு சொல்லை மாத்திப் பாடிட்டார். எங்க வீட்டுக்காரர் கையைத் தூக்கி நிறுத்திட்டார். 'அது அப்படி இல்லைங்க, முதல்ல இருந்து பாடுங்க'ன்னார். ஓதுவாரும் முதல்ல இருந்து பாடினார். சித்திரை வெயில். எங்கப்பா வாசல்ல இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தார்."

தீவுப் பெண்கள் சிரித்தார்கள். நிழல் நிவேதாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய், பிறகு அழுகையாக மாறியது. ஒருத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஜெசிந்தா திரையை நிறுத்தினாள். அசல் நிவேதா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். தன் நிழல் இப்படிப் பேசும் என்று அவளுக்கே தெரியாது. அதைவிட, அழுது முடித்தபோது அந்த நிழலின் முகத்தில் வந்த நிம்மதிதான் அவளைப் பொறாமைப்பட வைத்தது.

செழியன் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"அவர் தப்பாத்தான் பாடினார்," என்றார்.

ஜெசிந்தாதான் மறுபடி ஆரம்பித்தாள். "சார் இருக்கற ஓட்டத்துலயெல்லாம் நிறைவு பாதிக்கும் கீழதாங்க வருது. நீங்க திருத்தப் போனா தீவுக்காரங்க மனசு நோகுது. எழுந்து போயிடறாங்க."

அதையும் போட்டுக் காட்டினாள். பாய்க் கூடத்தில் நிழல் செழியன் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு, அடிபட்ட மான் மாதிரி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"நான் பேசாம இருந்தா?"

"அதையும் ஓட்டிப் பார்த்தோம் சார். வாயைத் திறக்காம இருந்தீங்க. ஆனா உங்க மூஞ்சி..." மிருதுளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காரில் ஏறிய பிறகு செழியன் சொன்னார். "நான் இல்லாம நல்லா இருக்கும்னா தாராளமா போயிட்டு வாங்க. அங்க போய்ப் பார்த்து ரசிக்கற அளவுக்கு உங்க ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்?"

கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தார். நிவேதா, "சரிங்க," என்றாள். பெட்டி கட்டும்போது ஒரு தடவை மட்டும் மிருதுளா, "அப்பா, நிஜமாவே வரலையா?" என்று கேட்டாள். "கணிப்பொறி சொல்லிடுச்சே," என்றார் அவர், செய்தித்தாளைத் தாழ்த்தாமல்.

லோமாரு, நிலையத்தில் பார்த்தபடியேதான் இருந்தது. தென்னைகள் அதே இடத்தில் நின்றன. கடல் அதே பச்சையில் கிடந்தது. வழிகாட்டி படகிலிருந்து கைகொடுத்து இறக்கிவிட்டு, கடல்நண்டைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நிவேதா சிரித்துவிட்டாள். அவள் மட்டுமா, படகில் வந்த எல்லாருமே அரைநொடி முந்திச் சிரித்தார்கள். வழிகாட்டியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பழகிப்போயிருந்தான்.

மிருதுளா பறை அடித்தாள். முதல் அடியே தப்பாமல் விழுந்தது. தன் நிழல் எங்கெங்கே தப்புகிறது என்று பலமுறை பார்த்திருந்தாள் அல்லவா. தப்பு நடக்காததால் யாரும் சிரிக்கவில்லை. அதனால் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்தாள். சுற்றி நின்றவர்கள் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்கள். அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நிவேதா பாய்க் கூடத்துக்காகக் காத்திருந்தாள். அதற்காகத்தானே வந்தது. சாயங்காலம் மிருதுளாவையும் எழுப்பி அழைத்துக்கொண்டு போனாள். விருந்தினர்கள் வரிசையாகக் கோரைத் தடுக்குகளில் உட்கார்ந்தார்கள். தீவுப் பெண்கள் தாழை மடல்களைக் கொண்டுவந்து பிரித்துக்கொடுத்தார்கள். பிறகு மெயாலு என்பவள், ஐம்பது வயதிருக்கும், தடித்த தோள்கள், ஒவ்வொரு விருந்தினர் முன்னாலும் நாலாக மடித்த ஒரு வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டே போனாள்.

"இது எதுக்கு?" என்று நிவேதா கேட்டாள். காதுத்துபாஷி அதை லோமாரு மொழியில் சொன்னது.

"கண்ணைத் துடைக்க," என்றாள் மெயாலு. "எல்லாரும் இங்கதான் அழுவாங்க."

வரிசையின் முதல் ஆளிடம், யாரோ ஒரு கொரியாக்காரரிடம், ஒருத்தி கேட்டாள்: "உங்கள் செத்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்." அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். சொல் பிசகாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, மனப்பாடமாக ஒப்பித்தார். முன்பு எப்போதோ தன் நிழல் ஒரு தடவை அழுத அழுகையை இப்போது எடுத்துப் போர்த்திக்கொண்டார். தீவுப் பெண் அவர் முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே இன்னொருத்தியிடம் ஏதோ சொன்னாள். காதுத்துபாஷிக்கு நாகரிகம் தெரியாது, அதையும் மொழிபெயர்த்தது. "ராத்திரிக்கு மரவள்ளி போதுமா, இன்னும் கொஞ்சம் வேகவைக்கணுமா?"

நிவேதாவின் முறை வந்தது. தொண்டைக்குள் அப்பாவும் ஓதுவாரும் சித்திரை வெயிலும் தயாராக நின்றார்கள். எந்தச் சொல்லுக்குப் பிறகு சிரிப்பு வரும் என்றுகூட அவளுக்குத் தெரியும். அதுதான் அவளைக் கூசவைத்தது.

"எனக்குச் சொல்ல எதுவும் இல்லைங்க," என்றாள்.

மெயாலு நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் ஒரு விருந்தினரின் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பார்வை நிவேதாவின் கைக்கு இறங்கியது.

"அப்ப மடலையாவது ஒழுங்கா உரிங்க. நாரெல்லாம் அறுத்து நாசம் பண்ணிட்டீங்க. நுனியிலிருந்து உரிக்கணும். எங்க வீட்டு ஆடுகூட இதைவிட நல்லா உரிக்கும்."

இது எந்த ஓட்டத்திலும் வந்ததில்லை. நிவேதாவுக்கு முகம் சிவந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்ததே குற்றம் கண்டுபிடிக்கும் ஒருவரைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் என்பது அடுத்த நொடியில் ஞாபகம் வந்தது. சந்தோஷம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து செழியன் அழைத்தார். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி ஃபோனைத் தடுக்கின்மேல் வைத்துக்கொண்டு மடலை உரித்தபடியே அவள் பேசினாள்.

"எப்படிப் போகுது?"

"நல்லா போகுதுங்க. மடல் உரிக்கறேன். நுனியிலிருந்து உரிக்கணுமாம். திட்டு வாங்கிட்டேன்."

"நுனியிலிருந்தா? யார் சொன்னது? அடியிலிருந்துதான். அவங்களுக்கே மறந்துபோச்சு போல." அவர் அந்தக் கடைசி வாக்கியத்தை லோமாரு மொழியில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பழக்கம்.

மடல் சீவிக்கொண்டிருந்த மெயாலுவின் கத்தி நின்றது. "யார் அது?"

"என் வீட்டுக்காரர். மன்னிச்சுக்கங்க, அவர் எப்பவும் இப்படித்தான்." நிவேதா அவசரமாக ஃபோனை எடுக்கப் போனாள்.

மெயாலு முந்திக்கொண்டாள். ஃபோனை வாயருகே பிடித்து, மூச்சுவிடாமல் பேசினாள். காதுத்துபாஷி பின்னால் ஓடமுடியாமல் திணறியது. அடியிலிருந்து உரிப்பவர்கள் மேற்குக் கரைக்காரர்கள், அவர்களுக்கு மூளை கிடையாது, அவர்களிடம் கேட்டுப் புத்தகம் எழுதியவனுக்கும் கிடையாது, அதை நம்பினவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்பது வரை புரிந்தது.

கோயம்புத்தூரிலிருந்து பதில் வந்தது. செழியன் லோமாரு மொழியில், இலக்கண சுத்தமாக, மேற்குக் கரைப் பாய்களே பழமையானவை என்று சொன்னார். அவர் உச்சரிப்பை மெயாலு நாலு இடத்தில் திருத்தினாள். அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டார். மற்ற மூன்றையும் மறுத்தார். மற்றப் பெண்கள் மடலைக் கீழே போட்டுவிட்டு ஃபோனைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி மேற்குக் கரையில் பிறந்தவள்; அவள் செழியன் பக்கம் சேர்ந்துகொண்டாள். சத்தம் கூரையைத் தொட்டது.

மிருதுளாவுக்கு விளங்கவில்லை. மெயாலு மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டாள். "எங்க ஊர்ல பார்த்தப்ப, எங்கப்பா பேச ஆரம்பிச்சாலே நீங்க எல்லாம் மனசு நொந்து எழுந்து போயிட்டீங்களே."

"அது நாங்களா?" என்றாள் மெயாலு. "எங்க தலையில யாரும் தொப்பி மாட்டலையே. வந்துட்டுப் போனவங்க எங்களைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொல்லியிருப்பாங்க, அதை வச்சுச் செஞ்சிருப்பாங்க." பிறகு நிவேதாவிடம் திரும்பினாள். "இந்த மனுஷனை ஏன் கூட்டிட்டு வரல? வர்றவங்க எல்லாம் தலையாட்டறாங்க, அழறாங்க, போறாங்க. எங்ககூட ஒருத்தர் சண்டை போட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

வான்பங்கைப் பற்றி நிவேதா விளக்கினாள். இனிப் பத்தாண்டு கழித்துத்தான் என்றாள். மெயாலு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு வலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவளைப் பார்க்கிற பார்வை அது. ஃபோனை எடுத்துக்கொண்டு கூடத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

விருந்தினர்கள் மடித்த துணிகளின் முன்னால் காத்திருந்தார்கள். இன்னும் அழாதவர்கள் சிலர் இருந்தார்கள். ஒரு அம்மாள் தன் முறை எப்போது வரும் என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஃபோனிலிருந்து செழியனின் சிரிப்புக் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், தன்னைத் திருத்திய ஒருவரிடம் அவர் சிரித்து நிவேதா கேட்டதில்லை. அவர் லோமாருவில் இருந்தார். ஓராண்டாகப் படித்த தீவில், அவர்தான் இருந்தார். அவள் ஒரு கோரைத் தடுக்கில் இருந்தாள்.

"கொஞ்சம் ஃபோனைக் குடுங்க, நானும் பேசணும்," என்றாள்.

"இருங்க, இவர் இன்னும் தப்பாவே பேசறார்," என்று மெயாலு அவளைப் பார்க்காமல் சொன்னாள். பிறகு திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, கையை மட்டும் நீட்டினாள். சார்ஜர் வேண்டுமாம்.

நிவேதா எடுத்துவரப் போனாள்.