களவு போன உப்பு

வெள்ளிக்கிழமை, பகல் 1.38.

களவு போனது பொன்னுமில்லை, பொருளுமில்லை. உப்பு! ஒலுவிலில், பல்கலைக்கழக ஆற்றல் ஆய்வுகூடத்தின் மொட்டை மாடியில், ஆறு சோலார் பெனல்களின் கண்ணாடி மேல் இரண்டு வருஷமாகக் கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு. இதையும் ஒருத்தன் களவெடுப்பானா என்று கேட்பீர்கள். எடுத்துவிட்டானே, என்ன செய்ய?

முதலில் கண்டது ஆய்வு மாணவி றுஸ்தா. ஒற்றைச் செருப்போடு படியிறங்கி ஓடி வந்தாள்.

"முனவ்வறா ராத்தா! பெனலக் கழுவிட்டாங்க!"

"ஆரு?"

"ஆரெண்டு தெரிஞ்சா இப்பிடி ஓடி வருவனா?"

முனவ்வறா அந்த ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்; அங்குள்ள இளசுகளுக்கெல்லாம் ராத்தா, அதாவது அக்கா. இருபத்தாறு வருஷச் சேவை. ஒரு திருகாணி இடம் மாறினாலும் ஆருடைய கை பட்டது என்று சொல்லிவிடுவார். மூட்டு வலியைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினார்.

மேலே பன்னிரண்டு பெனல்கள். ஆறு வெறும் கண்ணாடி. மற்ற ஆறுக்கும் றிவிகோட் கம்பனியின் பூச்சு. அதைப் பூசினால் உப்புப் படியாது என்பது கம்பனியின் பேச்சு. பேச்சு மெய்யா என்று பார்க்கத்தான் அதே கம்பனி ஆய்வுக்குக் காசு கொடுத்தது. இரண்டு வருஷம் ஒருவரும் துடைக்கக்கூடாது, மழை மட்டும் படலாம். நேற்று வரைக்கும் பன்னிரண்டிலும் ஒரே மாதிரித்தான் உப்பு. பூச்சால் ஒரு மண்ணும் நடக்கவில்லை.

இன்றைக்கோ பூச்சுப் பூசிய ஆறும் பளபளவென்று மின்னின. மற்ற ஆறும் சுண்ணாம்படித்த சுவர் போலக் கிடந்தன. கம்பனிப் பெரியவர்கள் நேரில் பார்க்க வரும் நாள், வருகிற திங்கட்கிழமை.

முனவ்வறா கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். வளாகத்துக் குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். இங்கே ஒரு திட்டும் இல்லை.

"போத்தல் தண்ணி," என்றார். "வசதியான கள்ளன்."

றுஸ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒப்பந்தத்தில இரிக்கி ராத்தா. நம்மட ஆக்கள் கை வெச்சா ரெண்டு வருஷ அளவும் செல்லாது. கம்பனி ஆள் வெச்சா, அந்த நிமிஷம் வரைக்கும் எடுத்தது செல்லும். ஆள் பிடிபடாட்டிப் பழி நம்மட தலையிலதான். என்ட ரெண்டு வருஷமும் போச்சு!"

"அழாத புள்ள. பகல் தொழுகை, ளுஹர் தொழுதிட்டு வாறன். ஒருத்தரையும் மேல ஏற விடாத."

பகல் 1.52.

தொழுகை அறையில் பெண்கள் பக்கத்துக்கு ஒரு திரை. முனவ்வறா தொழ நின்றபோது, திரைக்கு அப்பால் ஆரோ மெல்லிய குரலில், தொழுகை தொடங்குமுன் சொல்லும் அழைப்பான இகாமத் சொல்லித் தொழத் தொடங்கினார். குரல் தனிக்குரல்.

அவர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, ஆண்கள் பக்கத்து வாசலில் றிபாத் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். வேறு ஒருவரும் இல்லை. றிவிகோட் கம்பனியின் இணைப்பு அதிகாரி; அக்கரைப்பற்றுப் பொடியன்; எங்கே கண்டாலும் முந்திக்கொண்டு ஸலாம் சொல்கிற நல்ல பிள்ளை. இன்றைக்கும் சொன்னான். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

பகல் 2.10.

கணினித் திரையில் ஆறு கோடுகள். பெனல் தரும் மின்சாரத்தைக் கருவி பத்து விநாடிக்கு ஒருக்கால் பதியும். ஆள் குனிந்து துடைத்தால் நிழல் விழும், கோடு பள்ளத்தில் இறங்கும். முதல் பள்ளம் 12.34. ஆறாவது பள்ளம் ஏறியது 12.47.

"வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், குத்பா நேரம்," என்றார் முனவ்வறா. "ஊர் முழுக்கப் பள்ளிவாசல்ல. நல்ல நேரம் பாத்திருக்கான்."

பகல் 2.25.

பேராசிரியர் மசூரின் அறை. மனிதர் விசிறிக்குக் கீழே இருந்தும் வியர்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் கட்ட ஆய்வுக்கும் அந்தக் கம்பனியைத்தான் நம்பியிருந்தார், பாவம்.

"நான் ஒலுவில் பள்ளியில," என்றார் கேட்காமலேயே. "உங்கட மாப்பிள்ளைக்குப் பக்கத்திலதான் இருந்தன்."

"தெரியும் சேர். அவர் கோல் எடுத்துச் சொன்னார், நீங்க தூங்கி விழுந்தீங்களாம்."

அடுத்தது ஆய்வுகூட உதவியாளன் தனஞ்சயன். ஆண்கள் ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்கும் பெண்கள் வீட்டுக்குச் சாப்பிடவும் போன நேரத்தில் கட்டடத்தில் இருந்த ஒரே ஆள் அவன்தான்.

"எங்க இருந்தீங்க?"

"கீழ, மிஸ். சோத்துப் பார்சல் திண்டிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திட்டன்."

"மேல சத்தம்?"

"ஒண்டும் கேக்கல்ல."

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் வாசலில் நின்ற றிபாத். "நாங்கெல்லாம் பள்ளியில. அவர் மட்டும் இங்க."

பேராசிரியர் தலை குனிந்துகொண்டார். முனவ்வறாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஆனாலும் குரல் ஏறவில்லை.

"நீங்க எந்தப் பள்ளி, தம்பி?"

"பாலமுனை."

"எத்தின மணிக்குப் போனீங்க?"

"பன்ரெண்டேகாலுக்கே."

"ஜும்ஆ முழுசாக் கிடைச்சிதா?"

"அல்ஹம்துலில்லாஹ், கிடைச்சிது ராத்தா."

"அப்ப, இங்க வந்து என்ன தொழுதீங்க?"

றிபாத் விழித்தான். "அது... சுன்னத்துத் தொழுகை."

"சுன்னத்துக்கு இகாமத் சொல்லுற மார்க்கத்த எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கல்லயே!"

தனஞ்சயன் திருதிருவென்று பார்த்தான். முனவ்வறா அவன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் விளங்கோணும் தம்பி. ஜும்ஆ தொழுத ஆளுக்கு அண்டைக்கு ளுஹர் கிடையாது. எங்கட வீட்டுப் பொம்பிளைகள் பள்ளிக்குப் போறல்ல, அதால நான் ளுஹர் தொழுதன். சுன்னத்து உபரித் தொழுகை; இகாமத் சொல்லுறது கடமையான தொழுகைக்கு மட்டும். ரெண்டு மணிக்கு முந்தி இவர் இகாமத் சொன்னார், நான் திரைக்கு இங்கால நிண்டு கேட்டன். அந்த நேரத்தில கடமையெண்டா ளுஹர் ஒண்டுதான். ளுஹர் தொழுதவர் ஜும்ஆக்குப் போகல்ல. ஜும்ஆக்குப் போகாதவர், போனனெண்டு பொய் சொல்லுறார். ஏன்?"

றிபாத் கதிரையில் தொப்பென்று இருந்தான்.

"வேனில நாலு கேன் கடைத்தண்ணி கொண்டந்தன்," என்றான். "பின்படியால ஏறினன். பூச்சுச் சரிவரல்லயெண்டா என்ட வேலையும் போகும், இந்த ஆய்வுகூடத்துக்கு வாற காசும் நிக்கும். திங்கக்கிழமைக்கு முந்தி ஒருத்தரும் மேல ஏறமாட்டாங்களெண்டு நினைச்சன்." அப்புறம் தனஞ்சயனைப் பார்க்க முடியாமல் கையைப் பிசைந்தான். "மன்னிச்சிருங்க. உங்களப் பிடிச்சுக் குடுக்க நினைச்சுத் துடைக்கல்ல. வாய்க்கு வந்திட்டுது."

தனஞ்சயன் நீளமாக மூச்சு விட்டான். "என்ட வேலை போயிருக்கும் அண்ணே," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

முனவ்வறா ஒரு வெள்ளைத் தாளை றிபாத்தின் முன்னால் தள்ளினார். "நேரத்தையும் போட்டு எழுதுங்க."

அவன் எழுதினான். கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ராத்தா, ஒரு வக்து தொழுகைய விட்டிருந்தா நான் தப்பியிருப்பன்."

"ஓம். விட மனம் வரல்லதானே? அந்த மனத்த நம்பித்தான் பொலிசக் கூப்பிடாம இந்தத் தாளத் தந்தன்."

திங்கட்கிழமை, காலை 10.00.

கொழும்பிலிருந்து வந்த பெரியவர்கள் மூன்று பேருக்கும், முனவ்வறா அந்தத் தாளை எடுத்துக் காட்டுமுன் றிபாத்தே எழுந்து நின்று நடந்ததைச் சொல்லிவிட்டான். அவர்களுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் ஒப்பந்தம் எழுதினது அவர்களுடைய சட்டத்தரணி. கையெழுத்து வைக்காமல் என்ன செய்வது? வெள்ளி 12.33 வரைக்குமான அளவு செல்லும் என்று வைத்தார்கள். இரண்டாம் கட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாகனம் போனபின் பேராசிரியர் மசூர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பூச்சால் பலனில்லை என்று ஒரே வரி.

"இனி அவங்கட காசு வராது," என்றார்.

"வராது சேர்," என்றார் முனவ்வறா.

மனிதர் பேனையைத் திறந்தார். அவருடைய கையெழுத்து அவ்வளவு பெரிதாக விழுந்ததை முனவ்வறா இருபத்தாறு வருஷத்தில் கண்டதில்லை.

றுஸ்தா தாளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டு வருஷம், ராத்தா!"

"ஓம் புள்ள. இப்ப அது உன்டதான்."