சாவிப் பந்து

மேசையில் மூன்றே பந்துகள் மிச்சமிருந்தபோது ஷைனியின் வலது கண்ணிலிருந்த பின்நோக்கி வில்லை மங்கிப்போனது. பச்சைக் கோடு இரண்டு முறை துடித்து அணைந்தது. நாகர்கோவில் உள்ளரங்கில் மாநில பில்லியர்ட்ஸ் இறுதிப் போட்டி. எதிராளி கோட்டைவிட்டாயிற்று, இந்த மூன்றையும் போட்டுவிட்டால் பட்டம் அவளுடையது. பதினோரு வருடம் இதற்காகத்தான் மேசைமேல் குனிந்து குனிந்து முதுகை ஒடித்துக்கொண்டாள்.

நடுவர் இரண்டு நிமிட இடைவேளை கொடுத்தார். உதவியாளர் ஒருத்தி வில்லையை வாங்கிக் கழுவப் போனாள்.

பின்நோக்கி இந்த ஆட்டத்துக்காகத்தான் முதலில் செய்யப்பட்டது. இதில் கடைசிப் பந்துகளைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். கறுப்புப் பந்துதான் முடிவு. அதை அடிக்க, கோலால் தட்டும் வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும், அங்கே போய் நிற்க அதற்கு முன் எதை அடிக்க வேண்டும்? அந்த முந்தைய பந்துதான் சாவிப் பந்து. வெள்ளையைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தான் குழியில் விழுந்து காணாமல் போவது அதன் வேலை. கண்ணில் ஒட்டும் இந்த வில்லையிடம் முடிவைச் சொன்னால் போதும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அடுத்த ஓர் அடியை மட்டும் பச்சைக் கோடாகக் காட்டும். மேசையோடு நிறுத்தியிருக்கலாம். மனிதன் நிறுத்துவானா? உத்தியோகம், வீடு, கல்யாணம் என்று எதற்கெடுத்தாலும் ஒரு 'கடைசிப் பந்து' சொல்லி வைத்துவிட்டு, கோடு போன வழியே போக ஆரம்பித்தார்கள். கேட்டால் முழுத் திட்டத்தையும் வில்லை சொல்லத்தான் செய்யும். யாரும் கேட்பதில்லை. நல்லபடியாக நடக்கிறபோது எதற்குக் கிளறுவது?

முன்வரிசையிலிருந்து அஜின் எழுந்து வந்தான். ஷைனியின் கணவன், பயிற்சியாளனும் அவன்தான். தன் கண்ணிலிருந்த வில்லையை எடுத்து விரல்நுனியில் நீட்டினான்.

“உன்னது வாறதுக்குள்ள இதப் போட்டு மேசையப் பாத்து வச்சுக்க. யாரு வில்லையானா என்ன?”

ஆட்டக்காரர்களிடம் அப்படியொரு வழக்கம். கோல்நுனியில் தேய்க்கும் சுண்ணக்கட்டியைப் போல வில்லையையும் கொடுத்து வாங்குவார்கள். மேசைக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதானே. ஆனால் இடைவேளை விட்டதும் மேசைக் கணக்கு தானாக மூடிக்கொள்ளும். அப்போது வில்லைக்குத் தெரிவது அதன் சொந்தக்காரனின் கணக்கு மட்டும்தான். அவசரத்தில் இரண்டு பேருமே இதை மறந்துபோனார்கள்.

ஷைனி வில்லையைப் பொருத்திக்கொண்டு, பழக்க தோஷத்தில் மெல்லக் கேட்டாள்: “சாவி எது?”

சாவிப் பந்தைச் சுற்றி மஞ்சள் வளையம் வர வேண்டும். மூன்றாம் எண் பந்தில் இல்லை. ஆறாம் எண்ணில் இல்லை. கறுப்பிலும் இல்லை. வில்லை கெட்டுவிட்டதோ என்று நிமிர்ந்தாள். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் வளையம் பளிச்சென்று நின்றது. அது அவளுடைய முகத்தைச் சுற்றியிருந்தது.

“கடைசிப் பந்து?” என்று கேட்டபோது அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. எழுத்துகள் நிதானமாக வந்தன.

கடைசிப் பந்து: தேசிய அணிப் பயிற்சியாளர் பதவி. சாவி: மனைவியின் பட்டம். அதன்பின் மனைவி விழும் குழி: மணவிலக்கு. நாள்: அடுத்த மாதம் பதினான்கு.

அஜினைப் பார்த்தாள். பாவி, ஒன்றும் அறியாத முகத்தோடு அவளுக்குத் தண்ணீர் போத்தலைத் திறந்துகொண்டிருந்தான். அவன் முகம் நடிக்கவில்லை. அவனும் கேட்டதில்லை, அடுத்த அடி மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

உதவியாளர் கழுவிய வில்லையைக் கொண்டுவந்தாள். ஷைனி அஜினுடையதைப் பிடுங்கி எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டாள். தன் கணக்கிலாவது அவன் வேறு மாதிரி இருப்பான் என்று ஒரு நப்பாசை.

“சாவி எது?”

எங்கேயும் வளையம் வரவில்லை. கண்ணாடியில் இல்லை, அஜினிடமும் இல்லை. எழுத்து மட்டும் வந்தது. கடைசிப் பந்து: மாநிலப் பட்டம். சாவி: அஜின். பயிற்சி முடிந்தது. சாவி விழுந்துவிட்டது.

ஷைனிக்கு இப்போதுதான் விளங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலிலிருந்து வரும் வழியில் பச்சைக் கோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்றது. மனசுதான் இழுக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழக்கூடச் செய்தாள்.

நடுவர் முப்பது விநாடி என்றார். அவள் தன் வில்லையையும் எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

“கட்டிக்கிடுதியான்னு அன்னைக்குக் கேட்டது நீயா, இல்ல இதா?”

அஜின் சிரிக்கப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்தினான். வில்லையை எடுக்க அவள் கைக்குத்தான் அவன் விரல்கள் நீண்டன. அங்கே ஒன்றுபோல இரண்டு வில்லைகள் கிடந்தன. தன்னுடையது எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு சொல்லட்டா?” என்றான்.

மணி அடித்தது.