214-இல் தொங்கிய அட்டை

கிராண்ட் ஓம்பாக் ஓட்டலின் வாசலில் நான் காரை நிறுத்தியபோது பிற்பகல் மணி இரண்டு. மனதில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. கோத்தா திங்கி ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்றாவது முறையாக அத்தனை தூரம் வந்திருந்தேன். பத்து வருடம் பூட்டிக் கிடந்த அந்தக் கடற்கரை ஓட்டலை மறுபடியும் திறக்கப் போகிறார்கள். வரவேற்புக் கூடத்துச் சுவரில் பதிக்க அதன் வரலாற்றை எழுதித் தருவது என் வேலை. கட்டிய ஆண்டு, வந்து தங்கிய பெரிய மனிதர்கள், பளிங்குப் படிக்கட்டு எல்லாவற்றையும் மேனேஜர் ராஜசேகரன் ரசித்துப் படித்தார். ஒரே ஒரு பத்தியை மட்டும் ஒவ்வொரு முறையும் அடித்துத் திருப்பி அனுப்பினார்.

அது கருப்பாயியைப் பற்றிய பத்தி.

அதை எனக்குச் சொன்னவர் பிரேமலா. அவரும் கருப்பாயியும் ஒரு காலத்தில் அங்கே அறைகளைச் சுத்தம் செய்தவர்கள். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் மதியம் சற்று நேரம் கண்ணயர அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. காலி அறைக்குள் ஒருத்தி புகுந்துகொள்வாள். மற்றவள் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற சிவப்பு அட்டையைக் கதவுக் குமிழில் மாட்டிவிட்டுப் போய், நேரமானதும் வந்து எழுப்புவாள். அட்டை தொங்கினால் யாரும் திறக்கக் கூடாது என்பது ஓட்டல் சட்டம்.

1983 டிசம்பரில், விடாத அடைமழையில், கருப்பாயி 214-க்குள் போனாள். பிரேமலா அட்டையை மாட்டினார். அடுத்த பத்தாவது நிமிடம் கோத்தா திங்கியில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பிரேமலாவின் வீடு அங்கேதான்; வீட்டில் கைக்குழந்தை. கிடைத்த லாரியில் ஏறி ஓடியவர், வெள்ளம் வடிந்து ஐந்தாம் நாள்தான் திரும்பினார். கருப்பாயியும் ஊருக்குப் போயிருப்பாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஈரத்தில் உப்பிய குளியலறைக் கதவு அவளை உள்ளே வைத்து இறுகியிருந்தது. அவளுக்கு மூச்சிழுப்பு நோய் வேறு; கண்டெடுத்தபோது உயிர் இல்லை.

“அந்தப் பக்கம் போனவங்கள கேட்டேன்,” என்று பிரேமலா தணிந்த குரலில் சொன்னார். “தட்டுற சத்தம் கேட்டுச்சு, ஆனா அட்டை தொங்குச்சேன்னாங்க. மாட்டுனது நான்தாம்மா. செத்தத மறைச்சு, அவ சொல்லாம வேலைய விட்டுட்டான்னு ஓட்டல் புக்குல எழுதிட்டாங்க. அவ பேரு அந்தச் சுவத்துல வரணும்.”

வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ராஜசேகரன் அன்றும் பிடி கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வருகிறவர்கள் சாவைப் பற்றிப் படிக்கவா வருவார்கள் என்று சிரித்தார். கெஞ்சினேன், வாதாடினேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடல் தெரியும் அறை ஒன்றைப் படமெடுத்துப் போடலாம் என்று பேச்சை மாற்றி, என்னை இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போனார்.

நடைவழியில் புதுப் பெயிண்ட் வாசம். பாதி தூரம் போனதும் அது நின்று, காயாத துண்டின் புழுங்கிய நாற்றம் வந்தது. வெளியே சுள்ளென்ற வெயில். எனக்கோ எங்கோ மழை பெய்வது போலக் கேட்டது.

214-இன் குமிழில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது.

வேலையாட்களின் விளையாட்டு என்று ராஜசேகரன் முணுமுணுத்தார். காலி அறை என்று தெரிந்தும், ஓட்டல்காரர்களின் பழக்கப்படி மூன்று முறை தட்டினார்.

உள்ளேயிருந்து மூன்று தட்டல்கள் கேட்டன.

மெதுவாக. தாழ்வாக. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கை எட்டும் உயரத்தில்.

ராஜசேகரன் ஓரடி பின்வாங்கினார்.

“அட்டை தொங்குது,” என்றார். “விடுங்க லா, போலாம்.”

அந்த ஓட்டலில் ஒரு விருந்தாளிகூட இல்லை. என் கை குமிழ் வரை போனது. அட்டை நனைந்திருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

நானும் திறக்கவில்லை.

சனிக்கிழமை, தம்போயில் உள்ள என் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பத்தியை நானே அழித்தேன். போராடிச் சலித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. பிரேமலா இரண்டு முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலை தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குக் கிளம்பக் குளித்து முடித்தேன். எங்கள் படுக்கையறையை ஒட்டிய குளியலறை அது. கதவு திறக்கவில்லை.

தாழ்ப்பாள் விலகித்தான் இருந்தது. இழுத்தேன். மோதினேன். தட்டினேன். கணவர் எல்வினைக் கத்திக் கூப்பிட்டேன். கதவின் மரம் என் கைக்கு அடியில் ஈரமாக உப்பியிருந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எனக்கு அந்த நோய் கிடையாது. வெகுநேரம் கழித்து, கை ஓய்ந்து தரையில் சரிந்து உட்கார்ந்தபோது, கதவு தானாகத் திறந்துகொண்டது.

கூடத்தில் எல்வின் பூசைக்கு உடுத்தித் தயாராக உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து பார்க்க அவ்வளவு சோம்பலா என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் குழப்பத்தோடு என்னையும், தன் மடியிலிருந்த ஒன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தட்டுற சத்தம் கேட்டுச்சு,” என்றார். “ஆனா ரூம் கதவுல இந்த அட்டை தொங்குச்சே.”

அட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.